ஒட்டுக்கேட்க அனுமதி தருவது யார்?

2019 அக்டோபர் 10, 12 ஆகிய தேதிகளில் மலேசியப் போலீஸ் பன்னிரண்டு பேரைக் கைது செய்தது. அத்தனை பேரும் தமிழர்கள். மலாக்கா காடேக் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன் ஆகிய இருவரும் அவர்களில் அடக்கம். விடுதலைப் புலிகள் இயக்கத்தை ஆதரித்தார்கள், அந்த இயக்கம் தொடர்பான பொருள்களை வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கைது சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் கீழ் நடந்ததால் ஜாமீனுக்கு வழியில்லை. 2019 நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி, ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்த கையோடு சிறைக் கதவு திறந்துவிடவில்லை.

2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்குகள் அனைத்தையும் கைவிட்டார். அதற்கு அவர் எழுதிய விளக்கத்தை ஒவ்வொரு மலேசியத் தமிழரும் படித்திருக்க வேண்டும். அரசுத் தரப்பின் கையில் இருந்த ஆதாரங்களில் முக்கியமானவை கைப்பேசியிலும் பேஸ்புக்கிலும் இருந்த பிரபாகரன் படங்கள், இயக்கத் தலைவர்களின் படங்கள். ஒரு படத்தைச் சேமித்து வைத்ததாலோ பகிர்ந்ததாலோ யாரும் பயங்கரவாதி ஆகிவிடுவதில்லை, இதை வைத்துக்கொண்டு குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்த முடிவுக்கு வர நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு தீபாவளியையும் ஒரு பொங்கலையும் சிறை வாசலைப் பார்த்தபடியே கழித்துவிட்டன.

இந்த வழக்கில் எனக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. கைதுக்கு முன்னால் இவர்களை எவ்வளவு காலம், எந்தெந்த வழிகளில் கவனித்தார்கள்? யாருடைய பேச்சைக் கேட்டார்கள்? அதற்கு யார் அனுமதி தந்தார்கள்? இவை எதுவும் வெளிச்சத்துக்கு வரவில்லை. வந்தாக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

நாட்டுப் பாதுகாப்பையும் தனிமனித அந்தரங்கத்தையும் பற்றிப் பேச்சு வந்தால், எவ்வளவு பாதுகாப்புக்கு எவ்வளவு அந்தரங்கத்தை விட்டுக்கொடுப்பது என்றே விவாதம் போகிறது. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. உளவுத்துறை இல்லாத நாடு கிடையாது, இருக்கவும் முடியாது. அரசு கேட்கலாம், பார்க்கலாம், பின்தொடரலாம். அதற்கு முன்பே உரிய இடத்தில் அனுமதி கேட்டதா, அந்த அனுமதியைத் தந்தவர் அரசைச் சாராதவரா, வேலை முடிந்த பின் யாராவது கணக்குக் கேட்டார்களா என்பவைதான் கேட்க வேண்டியவை. மலேசியாவில் இன்று இந்த மூன்றுக்கும் சரியான விடை இல்லை.

கண்காணிப்பு என்றதும் இன்று கேமராவும் கணினியும் நினைவுக்கு வருகின்றன. இந்த மண்ணில் தமிழர்கள் அதைத் தோட்டத்திலேயே பார்த்துவிட்டவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். லயத்தில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், இரவில் எங்கே கூட்டம் கூடினார்கள் என்பதெல்லாம் கங்காணி வழியாகவும் கிராணி வழியாகவும் துரையின் காதுக்குப் போகும். தோட்டம் தனியார் நிலம் என்பதால், வெளியாள் உள்ளே வருவதே அத்துமீறல். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தாராளமாக வந்துபோக விட வேண்டும் என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தன. யாரோடு பேசுகிறேன், யாரை வீட்டுக்கு அழைக்கிறேன் என்பது என் விஷயம் என்று பால்மரம் வெட்டிய கைகள் அன்றே எழுதிக் கொடுத்திருக்கின்றன. அந்தரங்க உரிமை படித்தவர்களின் ஆடம்பரம் என்று இன்று யாராவது சொன்னால், இந்தக் கோரிக்கைப் பட்டியலைத்தான் நான் காட்டுவேன்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் இதழில் பணியாற்றியவர். போர்க்காலம் என்பதையும் நாட்டுப் பாதுகாப்பையும் காரணம் காட்டி 1941 மே மாதம் அவரைக் கைது செய்து, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். அதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்கள் மீது பட்டாளம் சுட்டதில் உயிர்கள் போயின. கூலி கேட்டவர்களை அரசு கலகக்காரர்களாகப் பார்த்ததும், உளவுக் குறிப்பை நீதிமன்ற ஆதாரத்தின் இடத்தில் வைத்ததும் அப்போதே தொடங்கிவிட்டன.

1948இல் அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டுதான் போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் இன்றைய வடிவில் அமைந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். இன்று நம் பையில் இருக்கும் மைகார்ட் அந்த விதியின் பேரப்பிள்ளை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஊர் மக்களிடமிருந்து பிரித்தெடுப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, 1960இல் அவசரகாலம் முடிந்த பிறகும் முடியவில்லை.  

அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. போலீஸ் அறுபது நாள் வரை வைத்திருக்கலாம். அதன்பின் உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கொண்டே போகலாம். விசாரணை கிடையாது. 1987 அக்டோபரில் நடந்த ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். வி. டேவிட், பி. பட்டு போன்ற தமிழ்த் தலைவர்களும் அதில் உண்டு. கிள்ளான்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான நினைவு 2007 டிசம்பர் 13. இந்தியர் உரிமை கோரி நடந்த நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணி முடிந்து மூன்று வாரத்துக்குள் பி. உதயகுமார், எம். மனோகரன், வி. கணபதிராவ், ஆர். கங்காதரன், டி. வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசாவில் கைதாகிக் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். அதற்குச் சில நாள் முன்பு, ஹிண்ட்ராஃப் பயங்கரவாத அமைப்புகளின் ஆதரவைத் தேடுகிறது என்று நாட்டின் போலீஸ் படைத் தலைவரே அறிவித்திருந்தார். அதை நிரூபிக்கும் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வரவே இல்லை. மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் கிள்ளான் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். உளவுத்துறை ஆபத்து என்று குறித்து வைத்த மனிதரைத் தொகுதி மக்கள் தங்கள் பிரதிநிதி என்று குறித்தார்கள். இரண்டில் ஒரு குறிப்பை மட்டுமே வெளியில் யாரும் சோதித்துப் பார்க்க முடிந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆபத்தே இல்லை என்று பேசுவது நேர்மையாகாது. 2016 ஜூன் 28 அதிகாலை, பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வெடித்து எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஐஎஸ் இயக்கம் இந்த மண்ணில் நடத்திய முதல் தாக்குதல் என்று போலீஸ் உறுதி செய்தது. அதற்கு முன்னும் பின்னும் பல சதிகளை ஸ்பெஷல் பிராஞ்சின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு முளையிலேயே கிள்ளியதாக அறிவித்திருக்கிறது. வெடிக்காத குண்டைப் பற்றி நமக்குத் தெரியாமல் போவதே அந்த வேலையின் இயல்பு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த இன்னொன்று உலக வரலாற்றிலேயே இடம்பெற்றது. 2000 ஜனவரி 5 முதல் 8 வரை கோலாலம்பூருக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் அல்காய்தா ஆட்கள் கூடினார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ கேட்டுக்கொண்டதால் நம் ஸ்பெஷல் பிராஞ்ச் அவர்களைப் பின்தொடர்ந்து படம் எடுத்துக் கொடுத்தது. அங்கே வந்திருந்த காலித் அல்மிதாரும் நவாஃப் அல்ஹஸ்மியும் மறு ஆண்டு செப்டம்பர் 11 அன்று பென்டகன் மீது மோதிய விமானத்தில் இருந்தார்கள். நம்மவர்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். அந்த ஆட்கள் பாங்காக் போனபோது அமெரிக்கர்கள் தடத்தைத் தவறவிட்டார்கள். தெரிந்ததையும் உள்நாட்டுப் போலீசான எஃப்பிஐயிடம் நேரத்தோடு சொல்லவில்லை. அந்த இருவரின் பெயர்கள் தடைப்பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்டு கடைசியில். அந்தப் பேரழிவில் குறைந்துபோனது தகவல் அல்ல. யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து, அந்த ஆளை மட்டும் பார்த்த கண்காணிப்பு பலன் தந்தது. கையில் இருந்ததைச் சோதித்து, உரியவரிடம் சேர்க்காததுதான் கெடுத்தது. ஆனால் 2001க்குப் பிறகு உலக அரசுகள் கற்றுக்கொண்ட பாடமோ, இன்னும் அதிகமாகச் சேர்த்துவை என்பது. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஒற்றர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றுதான் அதில் சொல்கிறார். சரிபார்க்கும் அந்தக் கை நம் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். கூட்டரசு அரசமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 5ஆம் பிரிவுக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று எழுதினார். வழக்கு வேறு விஷயம் பற்றியது. வழக்கறிஞர் மன்றப் பொறுப்புக்கு நாடாளுமன்ற உறுப்பினர் வரலாமா என்பது அதன் பிரச்சினை. இருந்தாலும் அந்த வரிகள் பிற்கால வழக்குகளுக்கு ஊன்றுகோலாக அமைந்தன. சிக்கல் என்னவென்றால், அதே அரசமைப்பின் 149ஆம் பிரிவு, நாட்டுக்கு எதிரான செயல்களைத் தடுக்கும் சட்டம் 5ஆம் பிரிவுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. சொஸ்மா அந்த 149இன் நிழலில் இயற்றப்பட்டது. நீதிபதி ஒரு கதவைத் திறந்து வைத்தார். மிகவும் தேவைப்படும் இடத்தில் அந்தக் கதவு முன்கூட்டியே பூட்டப்பட்டிருக்கிறது.

இசாவை நீக்கிவிட்டு 2012 ஜூலை 31 அன்று நடப்புக்கு வந்த சொஸ்மாவை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இருபத்தெட்டு நாள் தடுப்புக்காவலையும் ஜாமீன் மறுப்பையும் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் 6ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. பாதுகாப்புக் குற்றம் தொடர்பான தகவல் இருக்கக்கூடும் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கருதினால் போதும். தபாலைப் பிரிக்கவும், செய்திகளை இடைமறிக்கவும், பேச்சை ஒட்டுக்கேட்கவும் அவர் போலீசுக்கு அனுமதி தரலாம். அவசரம் என்றால் அதுவும் தேவையில்லை. சூப்பரிண்டெண்டன்ட் தகுதியில் உள்ள அதிகாரி தாமாகவே தொடங்கிவிட்டு உடனே தெரிவித்தால், முன்கூட்டியே அனுமதி பெற்றதாக அது கருதப்படும். எந்த முறையில் கேட்டோம் என்பதை நீதிமன்றத்தில் வெளியிட வேண்டிய கடமையும் போலீசுக்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116சி பிரிவும், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 252ஆம் பிரிவும் இதே போக்கில் போகின்றன. எதிலும் நீதிபதி இல்லை.

அனுமதி தருகிற அந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர் யார்? நம் அரசமைப்பின் 145ஆம் பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவரே அவர். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்பவரும் அவர், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவரும் அவர், உங்கள் தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம் என்று தலையசைப்பவரும் அவர். இரு பதவிகளையும் பிரிக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். பிரித்தாலும்கூட, வழக்கில் வெல்ல விரும்பும் தரப்பே அனுமதியையும் தரும் நிலை மாறாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சொஸ்மாவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்கிறது என்று சொல்கிறோமே, அது இருபத்தெட்டு நாள் காவலைப் பற்றிய உட்பிரிவுக்கு மட்டும் பொருந்தும். 2022 மார்ச்சில் அதை நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் 84க்கு 86 என்று தோற்றது பலருக்கு நினைவிருக்கலாம். ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஒட்டுக்கேட்கும் அதிகாரத்துக்கோ காலக்கெடு எதுவும் இல்லை. அது ஒருமுறைகூட வாக்கெடுப்புக்குத் திரும்பி வராது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. 2024இல் திருத்தியபோது தனியார் நிறுவனங்களுக்கு அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். அரசுக்குத் தந்த விலக்கில் கைவைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் நகைக்கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் கசியவிட்டால் தண்டனை உண்டு. அமைச்சு ஒன்று கசியவிட்டால் இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

அரசுக் கணினிகளிலிருந்து கசிவே கிடையாதா? கோவிட் காலச் செயலியான மைசெஜாத்ராவில் ஒரு சூப்பர் அட்மின் கணக்கு மூலம் முப்பது லட்சம் பேரின் தடுப்பூசி விவரம் பதிவிறக்கப்பட்டதை 2023இல் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எழுதியது. 2024 ஜனவரி 2 அன்று பாடு என்ற அரசுத் தரவுத்தளம் தொடங்கிய உடனேயே, அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் ஒருவர் பெயரில் இன்னொருவர் பதிந்துகொள்ளலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் எடுத்துக் காட்டினார். அதன் பிறகே அந்த ஓட்டை அடைபட்டது. தனியாரிடமும் நிலைமை மேலில்லை. 2017இல் வெளிவந்த கசிவில் நாலு கோடியே அறுபத்திரண்டு லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் இருந்தன. அது நாட்டின் மக்கள்தொகையை விட அதிகம்.

2025 ஜூன் மாதம் வெளியான செய்தி இந்த விவாதத்தை ஒவ்வொரு கைப்பேசிக்கும் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாத அழைப்பு விவரங்களையும் இணையப் பயன்பாட்டு விவரங்களையும் ஒப்படைக்கும்படி தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது தெரியவந்தது. சுற்றுப்பயணிகள் நடமாட்டம், இணையச் சேவை பரவல் பற்றிய புள்ளிவிவரத்துக்காகத்தான், பெயர் நீக்கிய தரவைத்தான் கேட்டோம், யார் என்று அடையாளம் காண முடியாது என்று ஆணையமும் அமைச்சர் ஃபாமி பட்சிலும் விளக்கம் தந்தார்கள். அவர்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுகிறார் என்ற நம்பிக்கையைத்தான் ஏற்க முடியவில்லை. 2013இல் டி மோன்ட்ஜோய் குழுவினர் பதினைந்து லட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று கண்டார்கள். இரவில் கிள்ளான் தாமான் செந்தோசா கோபுரத்திலும், காலை ஏழரைக்குக் கேஎல் சென்ட்ரலிலும், வெள்ளிக்கிழமை மாலை ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயில் பக்கத்திலும், மாதம் ஒருமுறை ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையிலும் தெரிகிற எண் யாருடையது என்று கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரே போதும். புள்ளிவிவரத்துக்கு என்று சேர்த்தது நாளை விசாரணைக்குப் போகாது என்பதற்கும் உறுதி எதுவும் இல்லை. சிங்கப்பூர் இதை அனுபவித்தது. டிரேஸ்டுகெதர் செயலியின் தரவு நோய்த்தொற்றைத் தேடுவதற்கு மட்டுமே என்று சொல்லியிருந்தார்கள். போலீசும் அதை எடுக்கலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்தபோது மக்கள் கொதித்தார்கள். மறு மாதமே ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு எல்லை கட்ட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் நம்மவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது கனம் என்று முடிவு செய்வது மடியை வைத்திருப்பவர் அல்லவே. ஈழத்துச் செய்தியோடு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் பல ஆண்டுகளாக எத்தனையோ பேரின் கைப்பேசியில் கிடந்தது. 2014இல் மலேசியா அந்த இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. படம் மாறவில்லை, வைத்திருந்தவரும் மாறவில்லை. 2019இல் அது குற்றச்சாட்டு ஆனது. அனுமதி கேட்கும் இடத்தில் ஒரு நீதிபதி இருந்திருந்தால், டோமி தாமஸ் நான்கு மாதம் கழித்துக் கேட்ட கேள்வியை முதல் நாளே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

தணிக்கை இல்லாத உளவு எதுவரை போகும் என்பதற்கும் தூரத்தில் தேட வேண்டியதில்லை. 2017 பிப்ரவரி 13, பட்டப்பகல், பெட்டாலிங் ஜெயா சாலை. பாதிரியார் ரேமண்ட் கோவின் காரை மறித்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புக்கிட் அமான் ஸ்பெஷல் பிராஞ்சே இதைச் செய்தது என்ற முடிவுக்கு மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் வந்தது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் போலீசையும் அரசையும் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது. அவர் எங்கே என்று அவருடைய மனைவிக்கு இன்றும் தெரியாது.

நம் சமூகத்தின் நிலை இதில் இன்னும் சிக்கலானது. குண்டர் கும்பல்களால் பிள்ளைகளை இழந்த தாய்மார் கிள்ளானிலும் காஜாங்கிலும் உண்டு. போலீஸ் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். கும்பல் குற்றங்களுக்கும் சொஸ்மா பாய்வதால், விசாரணை முடியுமுன் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும் பிள்ளைகளுக்காக 2023இல் சுங்கை பூலோ சிறைக்கு முன் உண்ணாநோன்பு இருந்த தாய்மாரும் நம்மவர்கள்தாம். இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்களாக இருக்கலாம். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே. சரியான ஆளைப் பிடிக்கிற போலீஸ், தவறான ஆளைப் பிடித்தால் உடனே விடச் சொல்லும் நீதிமன்றம்.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன? இந்தியாவில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு ஆகியவை இருந்தால்தான் அரசு அதில் தலையிடலாம் என்றும் சொன்னார்கள். தீர்ப்பு உயர்ந்தது, நடைமுறை அப்படியில்லை. அங்கே இன்றும் ஒட்டுக்கேட்க அனுமதிப்பவர் உள்துறைச் செயலாளர், அதைப் பரிசீலிப்பவர்கள் அவரைப் போன்ற செயலாளர்கள். 2023இல் வந்த தரவுச் சட்டமும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு வழங்க இடம் வைத்திருக்கிறது. பிரிட்டன் 2016 சட்டத்தில் வேறு வழி கண்டது. அமைச்சர் கையெழுத்திட்டாலும், நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புதல் தந்த பிறகே ஆணை செல்லும். எத்தனை ஆணைகள், எத்தனை பிழைகள் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாகிறது. பிரிட்டனின் சட்டம் வேறு பல வகைகளில் மிக அகலமானது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பயங்கரவாதத் தாக்குதல்களை நம்மைவிட அதிகம் கண்ட ஒரு நாடு, நீதிபதி குறுக்கே இருந்தும் உளவுத்துறையை நடத்திக்கொண்டிருக்கிறது. மலேசியாவில் முடியாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள்.

தாமதமாகும் என்பார்கள். அவசரம் என்றால் உடனே தொடங்கட்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உயர்நீதிமன்ற நீதிபதியிடம் காரணத்தை எழுத்தில் தரட்டும். அவர் மறுத்தால் பதிவை அழிக்கட்டும். ரகசியம் வெளியாகிவிடும் என்பார்கள். பெயர்கள் வேண்டாம். ஆண்டுக்கு எத்தனை முறை அனுமதி கேட்டார்கள், எத்தனை மறுக்கப்பட்டது, எத்தனை வழக்குக்குப் போனது என்ற மூன்று எண்களை நாடாளுமன்றத்தில் வைத்தால் எந்தப் பயங்கரவாதிக்கும் லாபமில்லை. விசாரணை முடிந்து குற்றமில்லை என்று ஆனவருக்கு, உங்களைக் கண்காணித்தோம் என்று ஒரு கடிதம் போகட்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தரும் கவசத்தை அரசு கழற்றட்டும். உளவு வேலைக்கு வேண்டுமானால் குறுகிய விலக்கு இருக்கட்டும், மருத்துவப் பதிவுக்கும் உதவித்தொகைப் பட்டியலுக்கும் எதற்கு விலக்கு? சிலாங்கூர் 2011இலேயே தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. போலீஸ் கூட்டரசின் கீழ் வருவதால் கிள்ளான்காரர் அந்தச் சட்டத்தைக் கொண்டு போலீசிடம் எதையும் கேட்க முடியாது. கூட்டரசுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை.

நாமும் கொஞ்சம் மாற வேண்டும். காண்டோமினியம் காவலாளி கேட்டதும் ஐசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேலே போகிறோம். கோயில் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும்போது எல்லாருடைய ஐசி எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறோம். சொந்தக்காரரின் விவரத்தை இப்படிச் சிந்துகிற சமூகத்தின் குரல் அரசின் காதில் ஏறாது.

இருபத்தெட்டு நாள் காவலுக்கான நீட்டிப்பு 2027 ஜூலை 31 அன்று முடிகிறது. அதற்கு முன் மக்களவையில் அது மீண்டும் வாக்குக்கு வந்தாக வேண்டும். கிள்ளானின் இன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் வி. கணபதிராவ் இசாவில் கமுந்திங் போனவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற உறுப்பினர்களிலும் எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் சொஸ்மாவை எதிர்த்துப் பேசியவர்கள் நிறையப் பேர். உங்கள் எம்பி யாராக இருந்தாலும் தொகுதிச் சேவை மையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 28 நாள் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 6ஆம் பிரிவையும் அந்த வாக்கெடுப்புக்குள் கொண்டுவருவீர்களா, ஒட்டுக்கேட்பதற்கு நீதிபதியின் ஆணை வேண்டும் என்று திருத்தம் முன்மொழிவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.